மணலில் நிற்க மறுத்த கால்கள்: ஓட்டிசமுள்ள பிள்ளை ஒன்றின் சமநிலை பற்றிய நிகழ்வு ஆய்வு

நாலு வயதும் எட்டு மாதமுமான ஆண்பிள்ளை. மூன்று வயதில் ஓட்டிசம் உறுதிசெய்யப்பட்டது. தனிச் சொற்கள் நாற்பதளவில் பேசுவான். படம் காட்டிச் சொன்னால் விளங்கிக்கொள்வான். முன்பள்ளி ரீச்சர் எழுதியனுப்பிய முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: படலையிலிருந்து மண்டபப் படி வரையுள்ள 12 மீற்றர் மணல் முற்றத்தைக் கடக்கமாட்டான். படலையடியில் நின்று குழறுவான்; தாயின் உடுப்பைப் பிடித்துத் தொங்குவான். தூக்கிக்கொண்டு போய் மண்டபத்துச் சீமெந்து நிலத்தில் விட்டால் அடுத்த நிமிடமே சிரித்துக்கொண்டு ஓடுவான்.

“மண் காலில முட்டினா அவருக்கு அருவருப்பு” என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பழைய குறிப்பிலும் தொடுகை மிகையுணர்வு என்றே எழுதப்பட்டிருந்தது. அதன்படி இரண்டு மாதம் நாள்தோறும் உள்ளங்காலைத் தூரிகையால் தேய்த்திருந்தார்கள். பலனில்லை. தேய்க்கும் நேரத்துக்கு அவன் காலை மடக்கி ஒளிக்கப் பழகியதுதான் மிச்சம்.

தாயிடமும் அம்மம்மாவிடமும் ஒரு நாளின் நடப்பை விடியலிலிருந்து படுக்கை வரை வரிசையாகக் கேட்டபோது வேறு விடயங்கள் வந்தன. பாதி நேரம் நுனிக்காலில் நடக்கிறான். விறாந்தைத் தூணைச் சுற்றி ஓயாமல் சுற்றுகிறான், தலைசுற்றி விழுந்ததில்லை. ஆனால் முழுக வார்க்கும்போது தலையைப் பின்னால் சரித்தால் வீரிட்டு அழுகிறான். மின்சாரம் நின்ற இரவுகளில் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டான். கதிரையில் இருத்திச் சாப்பாடு கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் வழுக்கிக் கீழே போய்விடுகிறான். படியில் இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்தே ஏறுகிறான்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். இது ஒரே பிள்ளையின் கோப்பு அல்ல. இப்படியான பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படுபவற்றை ஒரு பிள்ளையாகச் சேர்த்து எழுதியது. அடையாளம் எவருடையதும் இல்லை. தரப்பட்ட அளவுகள் இந்த வயதில், இந்த நிலையில் எதிர்பார்க்கத்தக்கவை.

முதலில் விலக்கவேண்டியவை

புலன் என்ற சொல்லைத் தொடுவதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். நுனிக்கால் நடை, அடிக்கடி விழுதல், படியில் தயக்கம் மூன்றும் ஓர் ஆண்பிள்ளையிடம் சேர்ந்து வந்தால் டுஷென் தசைச் சிதைவு (தசைகள் படிப்படியாகப் பலமிழக்கும் பரம்பரை நோய்) மனதில் வர வேண்டும். நிலத்திலிருந்து எழும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். தொடையில் கை ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுவதுபோல் எழும்பினாலும், கெண்டைக்கால் வழமைக்கு மாறாகத் தடித்திருந்தாலும் தாமதம் கூடாது. இந்தப் பிள்ளை கை ஊன்றாமல் எழும்பினான். தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியத்தின் அளவும் இயல்பாக இருந்தது.

அடுத்தது காது. நடுக்காதில் நீர் தேங்கினால் கேள்வி மட்டுமல்ல, சமநிலையும் குழம்பும். தடிமனுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீர் நிற்பதும் உண்டு. பேச்சுக் குறைந்த பிள்ளை காது அடைப்பதாகச் சொல்லமாட்டான். செவிப்பறை அசைவுச் சோதனை, கண் பரிசோதனை, வலிப்பு வரலாறு மூன்றும் பார்க்கப்பட்டன; குறையில்லை.

கணுக்காலில் மட்டும் ஒன்று கிடைத்தது. முழங்காலை நீட்டிவைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் வலது 8 பாகை, இடது 10 பாகை. முழங்காலை மடக்கிவைத்தால் இரண்டும் 18. நீட்டும்போது குறைந்து மடக்கும்போது கூடினால் இறுக்கம் கெண்டைத் தசையின் மேற்பகுதியில் என்று பொருள். நுனிக்கால் நடை தசையைச் சுருக்கத் தொடங்கியிருந்தது. இந்த நிலையில் விளையாட்டாலேயே மீட்கலாம். பூச்சியத்துக்குக் கீழே போனால், அதாவது பாதம் செங்கோணத்துக்குக்கூட வராவிட்டால், எலும்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

தோலா, மூட்டா?

நிமிர்ந்து நிற்பதற்கு மூளைக்கு மூன்று வழியால் செய்தி வருகிறது: கண், உட்காதின் சமநிலை உறுப்பு, பாதத்திலிருந்தும் தசை மூட்டுகளிலிருந்தும் வரும் உணர்வு. ஒன்று தடுமாறினால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். ஆகவே சோதனை என்பது ஒவ்வொரு வழியாக மூடிப் பார்ப்பதே. பாலர் வயதுப் பிள்ளையிடம், அதிலும் ஓட்டிசமுள்ள பிள்ளையிடம், கண்ணைக் கட்டிச் சோதிப்பது முடியாது, செய்யவும் கூடாது. காலை 10 மணியளவில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு நாட்களாகப் பிரித்து இவை செய்யப்பட்டன.

மணல் தட்டில் கையை வைத்து விளையாட விட்டோம். ஏழு நிமிடம் அளைந்தான், முழங்கை வரை மூடினான், கன்னத்திலும் பூசினான். கதிரையில் இருத்தி, வெறும் பாதத்தை அதே மணலுக்குள் வைத்தோம், விரலால் கிளறினான். எழும்பி நில் என்றதும் அழுகை. சப்பாத்துப் போட்டு நிற்கச் சொன்னாலும் அதே அழுகை. தோலில் மணல் படாதபோதும் பயம் இருந்தது. பாதத்தில் மணல் பட்டாலும் பாரம் இறங்காதவரை பயமில்லை. ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு கதிரையும் இருந்தால் எந்த வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. இதைச் செய்யாமல்தான் இரண்டு மாதம் தூரிகையில் போனது.

அடுத்து, சீமெந்து நிலத்தில் நடக்கும்போது அவன் நெஞ்சடியில் ஒரு சுளகைப் பிடித்து, கால்கள் அவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தோம். மூன்றாம் அடியில் நின்றுவிட்டான். குனிந்து சுளகுக்குக் கீழே பார்த்தான். அவன் நடந்ததெல்லாம் காலைப் பார்த்துப் பார்த்துத்தான். ஒளித்துப் பிடிக்கும் விளையாட்டில் தானாகக் கண்ணை மூடியபோது ஆறு செக்கனில் உடம்பு ஆடி, அடியெடுத்து வைத்தான். ஒற்றைக்காலில் வலது 2 செக்கன், இடது 1 செக்கன். நாலு வயதில் பொதுவாக ஐந்தளவு, ஐந்து வயதில் பத்துக்குக் கிட்ட எதிர்பார்ப்போம். நாலாக மடித்த தும்பு மெத்தையில் இரு காலில் நிற்கவே கை தேவைப்பட்டது.

2004இல் பிற்ஸ்பேர்க் ஆய்வாளர்கள் ஓட்டிசமுள்ள 79 பேரையும் இல்லாத 61 பேரையும் அசையும் தளத்தில் நிறுத்தி அளந்தார்கள். பாதத்திலிருந்து வரும் செய்தியைக் குழப்பியபோதுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. காய்ந்த மணல் அந்தக் குழப்பத்தையே செய்கிறது: ஊன்றும் ஒவ்வொரு தடவையும் வேறு ஆழத்துக்கு, வேறு சரிவில் இறங்குகிறது. சீமெந்தில் அவனுக்குக் கண் போதுமாக இருந்தது. மணலில் கண்ணும் ஏமாற்றுகிறது. மட்டமாகத் தெரிந்த இடம் காலடியில் நழுவுகிறது. அவனுடைய அழுகை நியாயமானது.

சுற்றுவதில் ஆசை, தலை சரிந்தால் பயம்: இந்த முரணைத்தான் பெற்றோர் அதிகம் கேட்பார்கள். உட்காதில் சுழற்சியை உணர்வது மூன்று அரைவட்டக் கால்வாய்கள். தலை எந்தப் பக்கம் சரிகிறது, உடம்பு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை உணர்வது கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் கொண்ட இரண்டு சிறு பைகள். ஒன்றின் செய்தி மங்கலாகவும் மற்றதன் செய்தி மிரட்டலாகவும் ஒரே பிள்ளைக்கு வரலாம். தூணைச் சுற்றும்போது கால் நிலத்தில், வேகம் அவன் கையில். முழுக வார்க்கும்போது இரண்டும் இல்லை. சுழற்றிவிட்டுக் கண் துடிப்பை எண்ணும் பழைய சோதனையை நாம் செய்யவில்லை. வெளிச்சமான அறையில் பிள்ளை எதையாவது உற்றுப் பார்த்தால் கண் துடிப்பு அடங்கிவிடும். அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெற்றோர் நிரப்பிய புலன் வினாக்கொத்தின் புள்ளிகளையும் முடிவாக எடுக்கவில்லை. அதன் ஒப்பீட்டு அளவுகள் அமெரிக்கப் பிள்ளைகளுடையவை. பேச்சைத் தொடங்க மட்டும் உதவியது.

இலக்குகள்

மூன்று இலக்குகள், ஒவ்வொன்றும் −2 இலிருந்து +2 வரையான ஐந்து படியில் முன்கூட்டியே எழுதப்பட்டது. 1968இல் வந்த முறை இது. 12 வாரத்தில் எதிர்பார்ப்பது 0. இப்போதைய நிலை −2.

முற்றம்: 12 மீற்றர் மணலைச் சப்பாத்துடன் தானாகக் கடப்பது. முழுக்கு: தலையைப் பின்னால் சரித்து மூன்று நிமிடம் அழாமல் இருப்பது. சாப்பாடு: பத்து நிமிடம் கதிரையில் இருப்பது. சுற்றுவதை நிறுத்துவது இலக்கில் இல்லை. தகப்பன் அதையும் சேர்க்கக் கேட்டார். சுற்றுவதால் அவனுக்குக் காயமுமில்லை, படிப்பும் கெடவில்லை. அது அவனுக்கு ஆறுதல். அதைப் பறிக்க யாருக்கும் காரணமில்லை என்று விளங்கப்படுத்தியபின் ஏற்றுக்கொண்டார்.

கிழமைக்கு ஒரு தடவை 45 நிமிடம் தொழில்வழிச் சிகிச்சை. பஸ்ஸில் வரும் குடும்பத்துக்கு அதற்கு மேல் கேட்பது நடக்காது. மிச்சம் வீட்டில், காலையும் பின்னேரமும் 15 நிமிடம்.

வீட்டு வேலை: பாரம், ஊஞ்சல், மணல்

ஒழுங்கு முக்கியம். முதலில் பாரமான வேலை, பிறகு ஊஞ்சல், பிறகு மணல், கடைசியில் பாயில் படுத்து ஓய்வு. பாரம் தூக்கும்போதும் தள்ளும்போதும் தசை மூட்டுகளிலிருந்து செய்தி வலுவாக வரும். கால் எங்கே இருக்கிறது என்பது மூளைக்குத் தெளியும். 16 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு கையிலும் சிறு வாளி, ஒவ்வொன்றிலும் அரை லீற்றர் தண்ணீர், கிணற்றடியிலிருந்து கத்தரிப் பாத்தி வரை ஐந்து நடை. இரண்டு கையிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு கையில் மட்டும் கொடுத்தால் உடம்பு சரிந்து நுனிக்காலில் ஏறுவான். இடியப்ப உரலை அம்மம்மாவோடு சேர்ந்து அமத்துவது, மா குழைப்பது, பயறு நிரப்பிய கடகத்தை நிலத்தில் தள்ளுவது எல்லாம் இதே வேலைதான். பாரம் வைத்துத் தைத்த மேற்சட்டையைப் பற்றிப் பெற்றோர் கேட்டார்கள். அதற்குச் சான்று பலவீனம், இங்கத்தைய வெக்கையில் அது தண்டனை. வாங்கவேண்டாம் என்றோம்.

ஊஞ்சல்தான் அதிகம் பிழைபோகும் இடம். ஒரே புள்ளியில் தொங்கும் ஏணையோ ஊஞ்சலோ சுழலும். 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளியில் தொங்கினால் முன்னும் பின்னும் மட்டுமே ஆடும். நமக்குத் தேவை இரண்டாவது. வேம்பு அல்லது மாமரத்தின் தடித்த உயிர்க் கிளை, 15 சென்ரிமீற்றருக்குக் குறையாதது. முருங்கை ஒருபோதும் வேண்டாம். 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு. கிளையில் உராயும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் சுற்ற வேண்டும். வெயில் நைலோனை உக்கவைக்கும், ஆகவே கிழமைக்கொரு தடவை முடிச்சையும் நாரையும் பார்க்க வேண்டும். பிள்ளை ஏறுமுன் பெரியவர் ஒருவர் இருந்து ஆடிப் பார்க்க வேண்டும். கீழே கல், வேர் இருக்கக்கூடாது.

பலகையின் உயரம்: பிள்ளை இருந்தால் உள்ளங்கால் முழுதும் நிலத்தில் பதிய வேண்டும். இவனுக்கு 24 சென்ரிமீற்றர். முதல் இரண்டு கிழமையும் கால் நிலத்தை விடவில்லை; தானே உன்னி உன்னி ஆடினான். பிறகு கிழமைக்கு 2 சென்ரிமீற்றராக உயர்த்தினோம். 2 மீற்றர் கயிற்றில் ஒரு போய்வருகை மூன்று செக்கனுக்குச் சற்றுக் குறைவு. அந்த மெதுவான தாளம் அமைதிப்படுத்தும். பத்துத் தரம் ஆடியதும் நிறுத்தி, “இன்னும்” படத்தை அவன் தொடும்வரை காத்திருக்க வேண்டும். நிறுத்துவது சும்மா அல்ல: உட்காது பதிலளிப்பது அசைவின் மாற்றத்துக்குத்தான். ஒரே வேகத்தில் சுழன்றால் அரைவட்டக் கால்வாய்களின் செய்தி 15–20 செக்கனில் மங்கிவிடும். நீளமாகச் சுற்றினால் நல்லது என்பது பிழை.

முகம் வெளிறுதல், நெற்றி வியர்த்தல், கொட்டாவி, விக்கல், கை குளிர்தல், காரணமில்லாமல் அடங்காச் சிரிப்பு — இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். அசைவின் பாதிப்பு மணிக்கணக்கில் பிந்தியும் வரும்.

மணலுக்கு வருவோம். பலர் நினையாதது: ஈர மணல் இறுகியிருக்கும், காய்ந்த மணல் நழுவும். ஆகவே ஈரத்தில் தொடங்க வேண்டும். விறாந்தையில் பனம்பாய், பிறகு சீமெந்தின்மேல் ஒரு சென்ரிமீற்றர் ஈர மணல், பிறகு 3, பிறகு 5, அதன்பின் அதே ஒழுங்கில் காய்ந்த மணல். ஒவ்வொரு படியிலும் முதலில் சப்பாத்து, பிறகு வெறுங்கால். குதிப்பகுதி விறைப்பான சப்பாத்து கணுக்காலைப் பிடித்துக் கொடுக்கும். அடுத்த படிக்கு விதி ஒன்றுதான்: தொடர்ந்து மூன்று நாள், குதிக்கால் நிலத்தில் பதிய, பத்து அடி. குதி பதியாவிட்டால் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். இடையிடையே அரைவாசி மணல் நிரப்பிய உரைப்பைகள் ஆறை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் குந்தியிருந்து பயற்றங்காய் பொறுக்க விட்டோம். குதி பதியக் குந்தினால் கெண்டை தானாக நீளும். ஆறாம் கிழமையிலிருந்து இரண்டு கையாலும் சிறு கடகம் ஏந்தி நடந்தான். கடகம் காலை மறைத்தது. அவன் சுளகைப்போல் அதைத் தள்ளவில்லை, ஏனென்றால் அதைக் கொண்டுபோக அவனுக்கு ஒரு காரணம் இருந்தது, கோழிக்குத் தீன்.

முழுக்குக்குச் சரிவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கினோம்: மூன்று தலையணை அடுக்கி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. இரண்டு பாதமும் நிலத்தில் ஊன்றியிருக்க, பிடரியைத் தாயின் உள்ளங்கை தாங்க, வாளிக்குப் பதில் சிறு குவளை. “அஞ்சு மட்டும் எண்ணுவம் அப்பன்” என்று சொன்னால் ஐந்தில் நிறுத்தியே ஆக வேண்டும். ஆறாம் குவளை ஒன்று வார்த்தால் ஒரு கிழமை உழைப்புப் போகும்.

சாப்பாட்டுக் கதிரை ஒரே நாளில் சரிவந்தது. கால் அந்தரத்தில் தொங்கியதுதான் காரணம். பாதத்துக்குக் கீழே கட்டை, இருக்கையில் வழுக்காத றப்பர் வலை.

பிழைபோனவை

மூன்றாம் கிழமையில் ஊர்வந்த உறவினர் ஒருவர், பிள்ளைக்குச் சுற்றப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, சேலையை ஒரே கொளுக்கியில் கட்டிப் பத்து நிமிடம் சுழற்றிவிட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தான். இரவு இரண்டு தரம் சத்தி. மூன்று நாள் மாமரத்தடிக்கே வரவில்லை. அன்புடன் செய்ததுதான், ஆனால் தன் காலில் தான் சுற்றுவதும் மற்றவர் சுழற்றிவிடுவதும் ஒன்றல்ல. ஊஞ்சலை மறுபடி 24 சென்ரிமீற்றருக்கு இறக்கித் தொடங்க வேண்டியதாயிற்று.

ஐந்தாம் கிழமையில் நம் பிழை. ஈரத்தில் 5 சென்ரிமீற்றர் நன்றாகப் போனதென்று காய்ந்த மணலிலும் 5 சென்ரிமீற்றரே போட்டோம். உடனே நுனிக்காலில் ஏறிவிட்டான். காய்ந்த மணலில் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

முன்பள்ளியில் ரீச்சர் இரக்கப்பட்டு நாள்தோறும் தூக்கிக்கொண்டு போனார். வீட்டில் நடந்தவன் அங்கே நடக்காததற்குக் காரணம் அதுதான். தீர்வு தூக்குவதை ஒரேயடியாக நிறுத்துவதல்ல: ஓரமாக ஒரு மீற்றர் அகலத்துக்குக் காலையில் தண்ணீர் தெளித்து மணலை இறுக்கினார்கள், கடைசி 2 மீற்றரை மட்டும் அவன் நடந்தான், பிறகு 4, பிறகு 8. முடியும் இடம் மண்டபமாக இருப்பதால் ஒவ்வொரு நாளும் நடந்து முடித்ததாகவே இருந்தது.

நல்லூர்த் திருவிழாவுக்கு மணல் பரப்பிய வீதியில் பழக்கலாமா என்று அம்மம்மா கேட்டார். காலடியில் மணல் புதிது, தவில், ஒலிபெருக்கி, சனம், சுடுவெயில்: ஐந்தும் ஒன்றாக வந்தால் அது பழக்கமல்ல. திருவிழா முடிந்த பிறகு, விடியற்காலையில், சனமில்லாத வேளையில் போகலாம் என்று முடிவானது.

12 கிழமைக்குப் பின்

முற்றம் 0: சப்பாத்துடன் தானாகக் கடக்கிறான், வெறுங்காலுடன் ஒரு விரல் பிடிக்க வேண்டும். முழுக்கு −1: இரண்டு நிமிடம், ஒரு தலையணை இன்னும் தேவை. சாப்பாடு +1: பதினைந்து நிமிடம். ஒற்றைக்கால் வலது 5, இடது 3 செக்கன். கணுக்கால் 12 பாகை இருபக்கமும். சுற்றுவது முன்போலவே. பேச்சில் மாற்றமில்லை, சமநிலைப் பயிற்சி பேச்சைக் கொண்டுவரும் என்று யாரும் வாக்குக் கொடுத்தால் நம்பவேண்டாம். பேச்சு மொழிச் சிகிச்சை தனியாகத் தொடர்கிறது.

எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு வயதால் என்று ஒரு பிள்ளையை வைத்துப் பிரிக்க முடியாது. பெரிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஊஞ்சல், பாரம், தொடுகை போன்ற விளையாட்டுகளால் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையை 2014இல் அமெரிக்காவில் 32 பிள்ளைகளிடம் சோதித்த ஆய்வில் தனிப்பட்ட அன்றாட இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. 2022இல் பிரித்தானியாவில் 138 பிள்ளைகளிடம் சோதித்ததில், அதே சிகிச்சை வழமையான பராமரிப்பைவிட எரிச்சலையும் கடின நடத்தையையும் குறைக்கவில்லை. அதனால்தான் இலக்கை முற்றம், முழுக்கு, கதிரை என்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தோம். ஆறு கிழமையில் ஒரு படியும் ஏறாவிட்டால் அந்த முறையைக் கைவிடுவது என்று பெற்றோருடன் முன்பே பேசி எழுதியிருந்தோம்.

பாடசாலை விடுமுறையில் பயிற்சி நின்றது. திரும்பியபோது முற்றத்தில் −1. பத்து நாளில் மீண்டான். இப்போது நடப்பது இரண்டு: பொழுதுபட்ட பின், தகப்பன் முன்னால் டோர்ச் பிடிக்க, கிணற்றடிப் பாதையில் இருபது அடி, கிழமைக்கு இரண்டு தரம் காலை ஏழு மணிக்கு, முற்றத்து ஓரத்தில் தண்ணீர் தெளிக்காத மணலில், வெறுங்காலுடன், கடகத்தில் கோழித்தீன் கால் கிலோவுடன்.